பருப்பு டப்பாவிலிருந்து ஒரு கிண்ணம் சூப்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பால், வெண்ணெய் எதுவும் சேராத சூப்பைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். ஐப்பசி மழையும் கூடவே பிடித்துக்கொண்டதால், அதையொட்டி வந்த கடிதங்களே இம்முறை என் மேசையை நிறைத்துவிட்டன. ஆகவே இந்தப் பக்கம் முழுவதையும் அந்த ஒரே பொருளுக்கு ஒதுக்கியிருக்கிறேன். விடுபட்ட மற்றக் கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: அம்மா, வெளியூரில் வேலை பார்க்கும் என் மகள் ஓராண்டாகப் பால், தயிர், நெய், தேன் எதையும் தொடுவதில்லை. அவள் ஊருக்கு வந்திருக்கும் இந்த மழை நேரத்தில் சூடாக ஒரு சூப் வைத்துக் கொடுக்க ஆசை. ஆனால் எனக்குத் தெரிந்த சூப் எல்லாமே வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பால் ஊற்றிச் செய்வதுதான். காய்கறிக் கூடையும் காலி. அலமாரியில் இருப்பதை வைத்தே வயிறும் மனமும் நிறைவதுபோல் ஏதாவது செய்ய முடியுமா?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தாராளமாக முடியும். உங்கள் மகள் பின்பற்றுவதைத் தமிழில் நனிசைவம் என்கிறோம். வீகன் என்ற சொல்லும் இப்போது எல்லோருக்கும் பழகிவிட்டது. 1944-இல் இங்கிலாந்தில் வீகன் சங்கம் தொடங்கப்பட்டபோது பிறந்த சொல் அது. நம் சைவச் சமையலில் பாலும் நெய்யும் கேட்காமலே வந்து உட்கார்ந்துகொள்வதால், அவற்றை எடுத்துவிட்டால் ஏதோ குறைந்துவிடும் என்ற அச்சம் தாய்மார்களுக்கு வருவது இயல்பு. சூப்பில் வெண்ணெய்க்கும் மைதாவுக்கும் பாலுக்கும் இருக்கும் வேலை ஒன்றே ஒன்றுதான்: தண்ணீருக்குக் கனம் கொடுப்பது. அந்த வேலையை நன்றாகக் குழைந்த பருப்பு அவற்றைவிட நேர்த்தியாகச் செய்யும் என்பதை நீங்கள் ஒருமுறை செய்து பார்த்தாலே தெரிந்துகொள்வீர்கள்.

நான்கு பேருக்கு 100 கிராம் பாசிப்பருப்பும் ஒரு பிடி பச்சரிசியும் போதும். அரிசி நொய்யாக இருந்தால் இன்னும் நல்லது. அடி கனத்த வாணலியில் எண்ணெய் விடாமல், மிதமான தீயில் பருப்பை மட்டும் வறுங்கள். இந்த இடத்தில் அவசரம் கூடாது. முதல் இரண்டு நிமிடம் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். பிறகு மஞ்சள் நிறம் சற்று வெளுத்து, அதன்பின் ஒவ்வொரு பருப்பின் ஓரத்திலும் மெல்லிய பொன்னிறம் ஏறத் தொடங்கும். கரண்டியால் புரட்டும்போது அதுவரை கேட்ட மந்தமான சத்தம் மாறிச் சலசலவென்று கேட்கும். அதே நேரத்தில் அடுக்களையைத் தாண்டிக் கூடத்துக்கும் வாசனை வரும். அப்போது இறக்கிவிட வேண்டும். சிவக்கும் வரை காத்திருந்தால் கசப்புத் தட்டும், வறுக்காமல் விட்டால் பச்சை வாசனையும் ஒரு வழவழப்பும் சூப்பில் தங்கிவிடும். வெண்ணெய் தருவதாக நாம் நினைக்கும் அந்தக் கொட்டைச் சுவையை இங்கே வறுப்பு தந்துவிடுகிறது.

வறுத்த பருப்பையும் அரிசியையும் கழுவி, அரை லிட்டர் தண்ணீர், கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், தட்டிய இஞ்சி ஒரு துண்டு, நான்கு சொட்டு எண்ணெய் சேர்த்துக் குக்கரில் நான்கு விசில் வையுங்கள். எண்ணெய் ருசிக்காக அல்ல. பருப்பின் நுரை பொங்கி விசில் வழியே தெறிப்பதை அது அடக்கும். இஞ்சி இல்லாத வீட்டில் அரைத் தேக்கரண்டி சுக்குப் பொடி அதன் இடத்தை நிரப்பும். ஆவி அடங்கியதும் மத்தால் நன்றாகக் கடைந்து, அறுநூறு மில்லி வெந்நீர் ஊற்றி, உப்புப் போட்டுப் பத்து நிமிடம் சிறுதீயில் கொதிக்க விடுங்கள். மிக்ஸியில் அடித்தால் வழுவழுப்பாக வரும் என்பது உண்மைதான். எனக்கு மத்தில் கடைந்து, அங்கங்கே பருப்பு அகப்படும் சூப்தான் பிடிக்கும்.

கடைசியில் தாளிப்பு. இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயில் மெல்லியதாக அரிந்த ஆறு பல் பூண்டைப் போட்டு, அதன் ஓரம் வைக்கோல் நிறத்துக்கு வந்தவுடன் அடுப்பை அணைத்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே ஒரு தேக்கரண்டி சீரகமும், கொரகொரப்பாகப் பொடித்த ஒரு தேக்கரண்டி மிளகும் சேருங்கள். மிளகை முன்கூட்டியே போட்டுக் கொதிக்கவைத்தால் காரம் மட்டும் நின்று மணம் ஆவியோடு போய்விடும். தாளிப்பைச் சூப்பில் கொட்டி மூடி, இரண்டு நிமிடம் கழித்து அரை எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போது பிழிய வேண்டாம், கசக்கும். எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி, பருப்பிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ள உதவுகிறது என்பதால், பால் பொருள்களையும் இறைச்சியையும் விட்டவர்களுக்கு இந்தப் புளிப்பு வெறும் ருசிக்கான சமாசாரம் அல்ல.

நான் சிறுமியாக இருந்தபோது, மழையில் விறகு நனைந்துபோன நாள்களில் எங்கள் அம்மா குமுட்டி அடுப்பில் இதைத்தான் செய்வார். பெயர் மட்டும் பருப்புத் தண்ணீர். வெண்கலக் கிண்ணத்தின் சூடு தாங்காமல் பாவாடை நுனியால் பிடித்துக்கொண்டு குடித்தது இன்னும் நினைவிருக்கிறது. அதில் நெய் இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். நெய்க்கு வழியில்லாத வீடு அது. நாங்கள் குடித்ததும் உங்கள் மகள் குடிக்கக்கூடியதுதான்.

கேள்வி: கொள்ளு, கொண்டைக்கடலை, துவரம்பருப்பு எதை வைத்து சூப் செய்தாலும் எங்கள் வீட்டில் அது வேகவே மாட்டேன் என்கிறது. தக்காளி, புளி, பருப்பு எல்லாவற்றையும் ஒன்றாகவே குக்கரில் போட்டுவிடுகிறேன். எட்டு விசில் வைத்தும் பருப்பு தனி, தண்ணீர் தனி. பருப்பில் கலப்படமா?
— ஒரு வாசகி, இராமநாதபுரம்

பதில்: கலப்படம் என்று சந்தேகிப்பதற்கு முன் மூன்று காரணங்களைப் பாருங்கள். முதலாவதை நீங்களே எழுதிவிட்டீர்கள். பருப்பின் உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்னும் பசை. அது கரைந்தால்தான் பருப்பு குழையும். புளிப்பு அந்தப் பசையைக் கரையவிடாமல் இறுக்கிவிடுகிறது. எனவே புளியும் தக்காளியும் பருப்பு முழுமையாகக் குழைந்த பிறகே பாத்திரத்துக்குள் வர வேண்டும். நம் வீடுகளில் பருப்பைத் தனியே வேகவைத்துவிட்டு, புளிக்கரைசல் கொதித்த பின் அதில் சேர்த்துச் சாம்பார் வைக்கும் முறை எவ்வளவு யோசித்து அமைத்தது என்பது இதிலிருந்து விளங்கும்.

இரண்டாவது காரணம் தண்ணீர். உங்கள் பகுதியில் பல இடங்களில் உப்புத் தண்ணீரும் கடினத் தண்ணீரும் இருப்பதை அறிவேன். அதில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் அதே பசையைக் கெட்டிப்படுத்தும். குடிப்பதற்கு வைத்திருக்கும் தண்ணீரில் ஒரு லிட்டரை ஊறவைக்கவும் வேகவைக்கவும் ஒதுக்கிப் பாருங்கள், வித்தியாசம் முதல் நாளே தெரியும். உப்புப் போட்டால் பருப்பு வேகாது என்ற பேச்சு மட்டும் முழு உண்மை அல்ல. கொண்டைக்கடலை, கொள்ளு போன்ற தோலுள்ள பயறுகளை, லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி கல்லுப்புப் போட்ட தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்தால், தோல் இளகி உள்ளும் புறமும் சீராக வேகும். வெடித்துச் சிதறுவதும் குறையும். காலையில் அந்த நீரை வடித்துவிடுங்கள். வயிற்றில் வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதியும் அதோடு போய்விடும்.

மூன்றாவது, பருப்பின் வயது. சூடும் ஈரமுமான இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த பயறு எத்தனை விசிலுக்கும் மசியாது. அடுப்புக்கு நேர் மேலே இருக்கும் தட்டில்தான் பெரும்பாலான வீடுகளில் பருப்பு டப்பா இருக்கிறது. அதை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டால் எதுவும் வெந்துவிடும் என்பது உண்மையானாலும், அது பயறிலுள்ள தயமின் என்னும் பி1 வைட்டமினை அழிப்பதோடு சூப்புக்குச் சோப்பு நீரின் சாயலையும் கொடுத்துவிடுவதால், நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

கொள்ளு சூப்புக்கு ஒரு குறிப்பு: வறுத்து, எட்டு மணி நேரம் ஊறவைத்து, புதுத் தண்ணீரில் ஏழு விசில் வைத்தபின், வெந்த கொள்ளில் இரண்டு கரண்டி மட்டும் அரைத்து, வேகவைத்த நீரிலேயே கலந்து கொதிக்கவிடுங்கள். முழுவதையும் அரைத்தால் சூப் மண் நிறத்தில் கூழாகிவிடும். மீதிக் கொள்ளைச் சுண்டலாக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: கடையில் விற்கும் சூப் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறது. அப்படியானால் அது வீகன்தானே? அவசரத்துக்கு அதை வாங்கி வைத்துக்கொள்ளலாமா?
— ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: பச்சைப் புள்ளி சைவம் என்பதற்கான அடையாளம் மட்டுமே. இந்திய விதிகளின்படி பாலும் பால் பொருள்களும் தேனும் சேர்ந்த உணவுக்கும் அந்தப் புள்ளி உண்டு. நனிசைவ உணவுக்கென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி முத்திரை ஒன்றை 2021-இல் அறிமுகப்படுத்தியது. பச்சை நிறத்தில் ஆங்கில எழுத்து ‘வி’ பெரிதாகவும், அதிலிருந்து ஓர் இலைத் துளிர் எழுவதாகவும் இருக்கும். அந்த முத்திரை இல்லையென்றால் பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளைப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. பால் திடப்பொருள், மோர்ப் பொடி, லாக்டோஸ், கேசினேட் ஆகியவை எல்லாம் பாலின் வேறு பெயர்களே.

பாக்கெட்டை மட்டும் சந்தேகித்துவிட்டு நம் அலமாரியை நம்பிவிடக் கூடாது என்பதற்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். சுண்டைக்காய் வற்றலும் மணத்தக்காளி வற்றலும் பெரும்பாலும் உப்பு மோரில் ஊறவைத்துக் காயவைக்கப்படுபவை. மோர்மிளகாய்க்குப் பெயரிலேயே மோர் இருக்கிறது. சூப்பின் மேலே வறுத்துத் தூவ அவை அருமையானவைதான் என்றாலும், வெறும் உப்பு நீரில் போட்டுக் காயவைத்த வற்றலைக் கேட்டு வாங்க வேண்டும், அல்லது வீட்டிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். பெருங்காயம் ஒரு செடியின் வேரிலிருந்து எடுக்கும் பிசின் ஆகையால் அதில் தடையில்லை. கட்டிப் பெருங்காயத்திலும் தூளிலும் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பதால், கோதுமை ஒவ்வாதவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்.

அவசரத்துக்குப் பாக்கெட் எதற்கு? வறுத்த பாசிப்பருப்பு ஒரு டம்ளர், வறுத்த அரிசி கால் டம்ளர், மிளகு, சீரகம், சுக்கு தலா இரண்டு தேக்கரண்டி, மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி — இவற்றை நைசாகத் திரித்துக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொண்டால் ஒரு மாதம் கெடாது. இரண்டு மேசைக்கரண்டிப் பொடியை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒன்றரை டம்ளர் கொதிக்கும் நீரில் ஊற்றி, கைவிடாமல் கிளறிக்கொண்டே எட்டுப் பத்து நிமிடம் வேகவிட்டு, உப்பும் எலுமிச்சையும் சேர்த்தால் முடிந்தது. நேராக வெந்நீரில் பொடியைக் கொட்டினால் வெளிமாவு வெந்து உள்மாவு காய்ந்து, உருண்டை உருண்டையாக மிதக்கும்.

கேள்வி: சென்னையில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறேன். இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்று, பாத்திரம் ஒன்று, குக்கர் கிடையாது. ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய ராஜ்மா ஒரு கிலோ இருக்கிறது. அதை வைத்து சூப் செய்யலாமா?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: தம்பி, முதலில் எச்சரிக்கை. சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் வகையைச் சேர்ந்த நச்சுப்பொருள் ஒன்று இருக்கிறது. சரியாக வேகாத நாலைந்து விதைகளே கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கப் போதும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று பத்து நிமிடத்துக்குக் குறையாமல் கொதிக்கவைத்த பிறகுதான், தீயைத் தணித்து மெதுவாக வேகவிட வேண்டும். கொதிநிலையை எட்டாமல் இளஞ்சூட்டிலேயே மணிக்கணக்கில் வேகவைப்பது அந்த நச்சைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டவும் கூடும். குக்கர் இல்லாமல் அது மசிய ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அந்த ஒரு கிலோவை ஊருக்குப் போகும்போது எடுத்துப் போய் அம்மாவிடமே கொடுத்துவிடுங்கள். வீட்டுக் குக்கரில் அது நன்றாகவே வேகும்.

உங்களுக்கேற்றது மசூர் பருப்பு. தோல் நீக்கிய அந்த ஆரஞ்சு நிறப் பருப்புக்கு ஊறல் வேண்டாம், குக்கர் வேண்டாம். திறந்த பாத்திரத்திலேயே இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் தானாகக் கரைந்துவிடும். துருக்கியில் காலை, மாலை என்று பாராமல் மக்கள் குடிக்கும் பருப்பு சூப் இதில்தான் செய்யப்படுகிறது. கிண்ணத்தோடு ஒரு துண்டு எலுமிச்சையும் வைத்துக் கொடுப்பார்கள். நீங்கள் ஒரு வெங்காயத்தை நறுக்கி எண்ணெயில் நன்றாகச் சிவக்க வதக்கி, அதே பாத்திரத்தில் மிளகாய்த்தூளும் சீரகத்தூளும் அரைத் தேக்கரண்டி போட்டுப் புரட்டி, உடனே முக்கால் லிட்டர் தண்ணீரும் கழுவிய பருப்பு முக்கால் டம்ளரும் சேர்த்து வேகவிடுங்கள். பருப்பு கரைந்தபின் உப்பு, எலுமிச்சை. முதல் ஐந்து நிமிடம் அடுப்பைவிட்டு நகராதீர்கள், பொங்கி வழியும். இரவுச் சாப்பாட்டுக்கு அதில் ஒரு பிடி அவலைப் போட்டுக்கொண்டால் போதும்.

கேள்வி: காய்கறி வேகவைத்த நீரோ, கடையில் விற்கும் சூப் கட்டியோ இல்லாமல் செய்தால் சூப் சப்பென்று இருக்கிறது. உப்பையும் காரத்தையும் கூட்டினாலும் அந்த வெறுமை போவதில்லை. எதைச் சேர்ப்பது?
— ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: உங்கள் நாக்கு சரியாகவே சொல்கிறது. உப்பும் காரமும் நிரப்ப முடியாத அந்த இடத்துக்கு ஒரு பெயர் உண்டு. 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயி இகெடா, கடற்பாசி போட்டுக் கொதிக்கவைத்த சாற்றின் ருசிக்குக் காரணம் குளுட்டமேட் என்னும் பொருள் என்று கண்டறிந்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். அந்தச் சாறு எலும்பும் வெண்ணெயும் இல்லாதது என்பதைக் கவனியுங்கள். நன்கு பழுத்த தக்காளியில் அந்தப் பொருள் நிறைய இருக்கிறது. உலர்ந்த காளானில் அதற்குத் துணைநிற்கும் இன்னொரு பொருள் இருக்கிறது. இரண்டும் சேரும்போது ருசி பன்மடங்காகிறது. இப்போது பெரிய கடைகளில் உலர்ந்த ஷிடாகே காளான் கிடைக்கிறது. இரண்டு காளானை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரையே சூப்புக்கு ஊற்றிப் பாருங்கள்.

காளான் கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம். இரண்டு தக்காளியை எண்ணெயில் போட்டு, நீர் சுண்டி, நிறம் அடர்ந்து, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும் வரை வதக்குங்கள். பெரும்பாலோர் தக்காளி குழைந்தவுடன் நிறுத்திவிடுகிறார்கள். ருசி அதற்குப் பிந்தைய ஐந்து நிமிடத்தில்தான் பிறக்கிறது. வாணலியின் அடியில் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருப்பதைக் கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சுரண்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். கழுவி ஊற்றிவிடுகிறோமே, அதுதான் நீங்கள் கேட்ட சூப் கட்டி.

பிறகு ஒரு செய்தியும் உங்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது. ஆங்கிலேயர்கள் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போன முல்லிகாட்டானி சூப்பின் பெயர் நம் மிளகுத்தண்ணீரே என்பதை 1886-இல் வெளிவந்த, ஆங்கிலத்தில் புகுந்த இந்தியச் சொற்களைத் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி பதிவு செய்திருக்கிறது. அவர்கள் அதில் இறைச்சியையும் கறிப்பொடியையும் பாலேட்டையும் சேர்த்துக் கனமாக்கிக்கொண்டார்கள். புளியும் மிளகும் சீரகமும் பூண்டும் மட்டுமே சேர்ந்த மூல வடிவம் இன்னும் நம் அடுப்பில் இருக்கிறது. தெளிவான ரசத்தைக் குழைந்த துவரம்பருப்பு இரண்டு கரண்டி விட்டுக் கனமாக்கி, நெய்க்குப் பதில் நல்லெண்ணெயில் தாளித்துக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தால், அதைவிட நிறைவான சூப்பை நான் அறிந்ததில்லை.

கேள்வி: நாங்கள் யாழ்ப்பாணத்து ஆக்கள், இப்போது கனடாவில் இருக்கிறோம். மைசூர்ப் பருப்பில் (மசூர் பருப்பு) தேங்காய்ப்பால் விட்டுச் சொதிபோல சூப் வைப்பேன். இஞ்சத்தைய (இங்குள்ள) ரின் (டின்) பால் சில நாள்களில் திரிந்து, எண்ணெய் தனியாக மிதக்கிறது. என்ன பிழை விடுகிறேன்?
— ஒரு வாசகி, டொரொன்டோ

பதில்: சகோதரி, பால் திரிவதற்குக் காரணம் பெரும்பாலும் கொதியும் புளிப்பும்தான். தேங்காய்ப்பால் என்பது நீரில் எண்ணெய்த் துளிகள் சிதறி நிற்கும் கலவை. அந்தத் துளிகளைப் பிரித்துவைத்திருக்கும் புரதம் கடும் கொதியிலும் எலுமிச்சைப் புளியிலும் தன் பிடியை விட்டுவிடுகிறது. சொதியில் பாலை விட்டபின் கொதிக்கவிடாமல், நுரை கூடும்போதே இறக்கி, தேசிக்காய்ப் (எலுமிச்சைப்) புளியை இறக்கிய பிறகு விடும் உங்கள் ஊர் வழக்கத்தைச் சூப்பிலும் அப்படியே கடைப்பிடியுங்கள். ரின்னைத் திறக்குமுன் நன்றாகக் குலுக்கி, இரண்டு கரண்டி சூடான பருப்பை முதலில் பாலில் கலந்து, பிறகு அந்தப் பாலைச் சட்டியில் ஊற்றினால் திடீர்ச் சூட்டில் பிரியாது. சொதியின் அந்த வெளிறிய மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள்தூள் ஒரு சிட்டிகைக்கு மேல் போகக் கூடாது.

நனிசைவர்களுக்காக ஒன்று: பொடியாக வரும் தேங்காய்ப்பால் பலவற்றில் சோடியம் கேசினேட் என்ற பால் புரதம் கலந்திருக்கிறது. பெயரில் தேங்காய் இருப்பதால் யாரும் பின்பக்கத்தைப் பார்ப்பதில்லை.

கேள்வி: மிச்சமான பருப்பு சூப்பை மறுநாள் சூடாக்கினால் களியாகிவிடுகிறது. உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கு போட்டால் சரியாகுமா?
— ஒரு வாசகி, சேலம்

பதில்: ஆறும்போது மாவுச்சத்து இறுகுவது இயல்பு, கெட்டுப்போனதாகப் பொருளில்லை. வெந்நீர் விட்டுக் கரைத்து, ஒரு முறை நன்றாகக் கொதிக்கவிட்டுக் குடிக்கலாம். செய்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் போய்விட்டால் மூன்று நாள் இருக்கும். உருளைக்கிழங்கு உப்பை மட்டும் தேடி உறிஞ்சுவதில்லை. சூப்பைக் குடித்துவிட்டுப் பாத்திரத்தில் அதன் அளவைக் குறைக்கும், அவ்வளவே. உப்பில்லாமல் வேகவைத்த பருப்பை ஒரு கரண்டி சேர்த்து விரிவாக்குவதுதான் வழி.

கேள்வி: காய்ச்சலில் இருந்து எழுந்த என் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது. வெகு காலமாகவே பால் ஒவ்வாது. பல்லும் இல்லை. தெம்பு வரும்படி என்ன கொடுப்பது? சூப்பிலேயே எல்லாச் சத்தும் வந்துவிடுமா?
— ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: எல்லாச் சத்தும் வராது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வைட்டமின் பி12 தாவர உணவில் கிடைக்காது. பாலும் முட்டையும் இறைச்சியும் சேர்க்காதவர் எந்த வயதினராக இருந்தாலும் அதை மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ எடுத்துக்கொள்ள வேண்டும். மருத்துவரிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாமியாருக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தால், பயறுகளில் பொட்டாசியம் மிகுதி என்பதால், எவ்வளவு கொடுக்கலாம் என்பதையும் மருத்துவரே சொல்ல வேண்டும்.

காய்ச்சல் விட்ட முதல் இரண்டு நாள், முதல் பதிலில் சொன்ன பாசிப்பருப்பு சூப்பை மிளகும் பூண்டும் பாதியாகக் குறைத்து, நீர்க்க வைத்து, ஒரு நேரத்துக்குக் கால் டம்ளர் வீதம் அடிக்கடி கொடுங்கள். நாக்கு கசந்திருக்கும் நேரத்தில் முழுக் கிண்ணத்தைப் பார்த்தாலே வயதானவர்களுக்குச் சலிப்பு வரும். மூன்றாம் நாளிலிருந்து உங்கள் சீமையின் உளுந்தங்கஞ்சிக்கு மாறலாம். அதற்கு இணையான சூப் இல்லை. தோலுள்ள கறுப்பு உளுந்து ஒரு பங்கு, புழுங்கலரிசி ஒரு பங்கு, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, பத்துப் பல் பூண்டு, ஒரு துண்டு சுக்கு ஆகியவற்றைத் தாராளமாகத் தண்ணீர் விட்டுக் குக்கரில் ஆறு விசில் வைத்துக் கடைந்து, அடுப்பை அணைத்தபின் முதல் தேங்காய்ப்பாலைச் சேருங்கள். உப்புப் போட்டால் சூப், கருப்பட்டி போட்டால் இனிப்புக் கஞ்சி, அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். உளுந்துத் தோல் ஈறில் ஒட்டித் தொந்தரவு செய்யும் என்பதால், அவருக்கு மட்டும் ஒரு முறை வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டில், வாய் அகலமில்லாத டம்ளரில் கொடுங்கள். படுத்த நிலையில் வேண்டாம்; தலையணையை முதுகுக்கு வைத்து நிமிர்த்தி உட்காரவைத்த பிறகு.